ஒரு நம்பருக்கு ஒரு கணக்கு

குழந்தையின் ஒரு கால் மட்டும்தான் தெரிந்தது. வெள்ளைக் கம்பளிக் காலுறை மாட்டிய சின்னஞ்சிறு கால். அதற்கு மேலே வயிறு, கை, முகம் எல்லாம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் குல்பராவின் போனில் அந்த இடத்தை ஒரு வெள்ளைக் கட்டம் எழும்பி மறித்துக்கொண்டது. மேலும் பார்க்க உள்ளே நுழையுங்கள், கணக்கு இல்லாதவர்கள் புதிதாகத் தொடங்குங்கள் என்று அது மரியாதையாகத்தான் சொன்னது. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கிப் பார்த்தாள். கட்டம் விலகி, அவள் ஒரு மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்து நின்றது. போனை அணைத்துப் போட்டாள். அதே கால். பேத்தியின் முகத்தைப் பார்க்க வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, நீ யார் என்று கேட்கிற வீடாக இருந்தது அது.

பேத்தி பிறந்திருப்பதே அன்று காலையில்தான் அவளுக்குத் தெரியும். திரைச்சீலை வாங்க வந்த ஒருத்தி, துணியை விரலால் நெருடிக்கொண்டே, "பிஷ்கெக்ல உங்க பெகாயிமுக்குப் பொண்ணு பொறந்திருக்காமே? போன்ல படம் பாத்தேன்" என்றாள். குல்பரா ஒரு கணம் கூடத் தடுமாறவில்லை. "ஆமா, கொழுகொழுன்னு இருக்கா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய் மூடுவதற்குள் கத்தரி துணியில் ஒரு முழம் கூடுதலாக ஓடிவிட்டது. வாங்க வந்தவளுக்கு லாபம். அவள் போன பிறகு, நரின் ஊர்ப் பஜாரின் அந்த இரும்புப் பெட்டிக் கடைக்குள், துணிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து குல்பரா அழுதாள். பெற்ற மகளுக்குப் பிள்ளை பிறந்ததை யாரோ ஒருத்தி வந்து சொல்லித் தெரிந்துகொள்ளும் தாய் அந்த ஊரிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

மூன்று வருடமாகப் பெகாயிம் போனை எடுப்பதில்லை. காரணம் ஊருக்கே தெரியும், ஏனென்றால் ஊரே படித்தது. குழந்தையின் படம் வந்த அதே செயலியில் 'நரின் பேசுது' என்று ஒரு பக்கம். எழுதுகிறவர் பேர் கிடையாது, முகம் கிடையாது. உதட்டில் விரல் வைத்த ஒரு பெண்ணின் படம் மட்டும். எவன் மகன் குடித்துவிட்டு ஆற்றங்கரையில் கிடந்தான், எவள் மருமகள் எந்தக் காரில் ஏறினாள், எந்த வீட்டுப் பெண்ணைக் கல்யாணத்துக்காகத் தூக்கிப் போய் மறுநாள் திருப்பி அனுப்பினார்கள், எல்லாம் அதில் வரும். நடுநடுவே கோதுமை மாவுக்கும் குளிர்கோட்டுக்கும் விளம்பரம் வரும். திட்டாதவர்கள் ஊரில் இல்லை, படிக்காதவர்களும் இல்லை. குல்பராவுக்கு அதில் கணக்கு இல்லாததால் அவள் மட்டும் தோழிகளின் போனில் எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

பெகாயிமுக்கு நல்ல இடத்தில் பேச்சு முடிந்து, மாப்பிள்ளையின் தாய் வந்து தன் கையால் தங்கத் தோடு பூட்டிவிட்டுப் போயிருந்தாள். தோடு பூட்டியாயிற்று என்றால் பாதிக் கல்யாணம். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் பெகாயிமின் படம் வந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் படிக்கும்போது ஒருவனோடு இரகசியமாக நிக்காஹ் செய்துகொண்டு, சில மாதத்தில் அது முறிந்துபோன கதை, தேதி ஊர் எல்லாம் போட்டு. கீழே ஒரு வரி: "தோடு போடுறதுக்கு முன்னாடி காதைப் பாருங்க, ஏற்கெனவே குத்தியிருக்கான்னு." மறுநாள் மாப்பிள்ளையின் தாய் வந்தாள். கத்தவில்லை, சண்டை போடவில்லை. பெகாயிமை அருகில் உட்காரச் சொல்லி, தலைமுடியை ஒதுக்கி, பூட்டிய அதே கையால் இரண்டு தோட்டையும் கழற்றி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். பெகாயிம் அசையாமல் காதைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

அவள் போன பிறகுதான் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "ஆபா, இத நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

"எம் மேல சத்தியம்டி, நான் வாயே தொறக்கல."

அது பொய். குல்பரா ஒரே ஒருத்தியிடம் சொல்லியிருந்தாள், புரூலிடம். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட தோழி. புரூலிடம் சொல்வது வெளியே சொல்வதாகுமா? அது கிணற்றில் கல்லைப் போடுகிற மாதிரி. நெஞ்சு தாங்காமல் ஒருநாள் அவளிடம் இறக்கி வைத்தாள், அவ்வளவுதான். ஆகவே பொய் சொன்னபோது அது பொய் என்றே குல்பராவுக்குத் தோன்றவில்லை. விட்டுவிட்டுப் போனவன்தான் எழுதியிருப்பான், இல்லை விடுதியில் கூட இருந்த எவளாவது எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். பெகாயிம் பையை எடுத்துக்கொண்டு பிஷ்கெக் போகும் வண்டியில் ஏறினாள். அன்று சாயந்திரம் முதல் ஆளாக வந்தது புரூல்தான், சூடாகப் பொரித்த பொர்சோக் ரொட்டி ஒரு துணி நிறைய முடிந்துகொண்டு. கட்டிப் பிடித்து அழுதாள். "எழுதினவ கை அழுகிப் போகட்டும்டி" என்று சாபம் விட்டாள்.

குல்பரா மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள். அங்கே மிர்லான் போன் உறைகளும் கண்ணாடித் தாள்களும் விற்கிறான். முப்பது வயது, வாய்ச்சொல்லுக்குக் குறைவில்லாதவன், அவளை அக்கா முறையில் எஜே என்பான்.

"எனக்கு ஒரு கணக்குத் தொறந்து குடுடா."

"அடேயப்பா! எஜே, இந்த வயசுல நடனம் ஆடிப் போடப் போறீங்களா?"

"பேத்தியப் பாக்கணும். கால மட்டும் காட்டிட்டு மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறான். பஜார்ல வேடிக்கை பாக்க வர்றவன்கிட்ட நாம பேரா கேக்குறோம்? பாத்துட்டுப் போறான். இவனுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

மிர்லான் சிரித்தான். "நம்ம பெரிசுங்க ஏழு தலமுறைப் பேரு கேட்டுட்டுத்தான் ரொட்டியவே பிய்ப்பாங்க. இவன் ஒரு நம்பர்தானே கேக்குறான், சல்லிசு. எஜே, நீங்களும் கேட்டு வச்சிருந்தீங்கன்னா இந்நேரம் மாடி வீடு கட்டிருப்பீங்க. எவ எந்தக் கலரு துணிய எவ்வளவு நேரம் தடவுனா, எவ வீட்ல கல்யாணம் வருது, எவ புருஷன்கிட்ட கோச்சிக்கிட்டு வீடு மாத்துறா, எல்லாத்தையும் அவ பேருக்கு நேரா போட்டு வச்சிக்கிட்டா, அவ வாசல்லயே போயி கடை விரிக்கலாமே. அதுக்குத்தான் கணக்கு. அப்புறம், எவனாச்சும் மூஞ்சிய மூடிக்கிட்டு அசிங்கமா எழுதினா, பின்னால ஒரு நம்பர் இருக்கணும்ல பிடிக்கிறதுக்கு."

"பிடிச்சிருக்கானா இதுவரைக்கும் எவளையாச்சும்?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அவன் மனைவியின் தங்கையைப் பற்றியும் அந்தப் பக்கத்தில் வந்திருந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "புகார் குடுக்கப் போனா, இன்னொரு தடவ ஊரே படிக்கும்னு யாரும் போறதில்ல" என்றான். பிறகு அவள் போனை வாங்கி அவள் எண்ணைத் தட்டினான். நெற்றியைச் சுருக்கினான். இன்னொரு முறை தட்டினான்.

"எஜே, இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கே."

"எனக்கா? எனக்கு ஏதுடா?"

"தொறந்துட்டு மறந்திருப்பீங்க. ஒரு நம்பருக்கு ஒண்ணுதான் குடுப்பான். பரவால்ல, மறந்துட்டேன்னு அமுக்கினா இதே போனுக்கு ஒரு எண் வரும். அதப் போட்டு உள்ள போயிரலாம்." எண் வந்தது. போட்டான். புதிய கடவுச்சொல் கேட்டது, பேத்தி பெயர் தெரியாததால் குல்பரா மகள் பெயரைச் சொன்னாள். அவன் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எஜே... நீங்களா இது?"

"எது?"

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். உதட்டில் விரல் வைத்த அந்தப் பெண். பக்கத்திலே, புதிதாக எழுது என்று ஒரு பொத்தான்.

"மிர்லான், இது ஏதோ தப்பு. எனக்கு இதுல ஒரு எழுத்துகூட எழுதத் தெரியாதுப்பா."

"எம் மச்சினிச்சி ஆறு மாசம் வீட்ட விட்டு வெளிய வரல எஜே. எங்க மாமியார் வீட்டுக்கு நீங்க வந்து துக்கம் கேட்டுட்டுப் போனீங்க." அவன் குரல் உயரவில்லை. "சொந்தப் பொண்ணையும்ல எழுதிருக்கீங்க." அவன் போனை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அவளுக்காக ஊற்றி வைத்திருந்த டீயை வெளியே பனியில் கொட்டினான்.

வீட்டில் யாரும் இல்லை. கணவர் லாரியோடு டோருகார்ட் கணவாய்ப் பக்கம் போயிருந்தார். குல்பரா கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, முதல் வேலையாக மகளின் பக்கத்தைத் தேடினாள். ஊர் எப்படிப் போனாலும் போகட்டும், முகத்தைப் பார்த்துவிடலாம் என்ற ஆசை. பெகாயிமின் பெயரைத் தட்டினாள். அப்படி ஒருவர் இல்லை என்று வந்தது. எழுத்தை மாற்றித் தட்டினாள். இல்லை. காலையில் பார்த்த அதே பக்கம், அதே பெயர், இப்போது இல்லவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. தன்னை ஊர் சிரிக்க வைத்த இந்தப் பக்கத்தைப் பெகாயிம் எப்போதோ, தன் கண்ணில் அதுவும் அதன் கண்ணில் தானும் படாதபடி, தடுத்து வைத்திருக்கிறாள். அவள் வேறென்ன செய்வாள்? கணக்கு இல்லாதவளாக இருந்தபோது பேத்தியின் ஒரு காலாவது தெரிந்தது. கணக்கு வந்ததும் அதுவும் போயிற்று.

ஒரு நம்பருக்கு ஒன்றுதான். அந்த ஒன்று இதுவாக இருந்தது. மகள் யாரையாவது பிடித்து இந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எண் எது என்று தோண்டினால், அவள் மனப்பாடமாக அறிந்த எண்தான் வரும். உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன் என்று கேட்டவளுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? யார், யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனால் பதில் அவளுக்கு மிர்லான் கடையிலேயே தெரிந்துவிட்டது. அதன் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

தோடு விவகாரத்துக்கு முந்தின குளிர்காலம். கடையில் நல்ல கூட்டம். புரூல் ஓரமாக நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தாள். "மருமகளுக்குத் துணி விக்க ஒரு கணக்குத் தொறக்கணும்டி. என் நம்பர்ல ஏற்கெனவே இருக்காம், ரெண்டாவது குடுக்க மாட்டானாம். ஒன் நம்பரப் போட்டிருக்கேன், ஒரு எண் வரும், சொல்லேன்." குல்பரா வாயில் ஊசியைக் கவ்வியபடி, திரைச்சீலை மடிப்பைப் பிடித்துக்கொண்டே, வந்த எண்ணை உரக்கப் படித்தாள். அதை ஒரு உதவி என்றுகூட அவள் நினைக்கவில்லை. தோழி உப்புக் கேட்டால் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தாள்.

அப்புறம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. மிர்லான் மாமியார் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு போனது புரூல். அந்தப் பக்கத்தில் பேர் வந்து டாக்டர் வீட்டுப் பெண் விஷம் குடித்தபோது ஆஸ்பத்திரி வாசலில் முதலில் நின்றது புரூல். ஊரில் எந்த வீடு தலைகுனிந்தாலும் பொர்சோக் முடிச்சோடு முதலில் படியேறுகிறவள் அவள்தான். எவ்வளவு நல்ல மனசு என்று எல்லோரும் சொல்வார்கள். குல்பராவே சொல்லியிருக்கிறாள். அப்படியும் அவள் மனம் வக்கீல் வைத்து வாதாடியது: மருமகள் செய்திருக்கலாம், மருமகளிடமிருந்து யாராவது திருடியிருக்கலாம், புரூலுக்கே தெரியாமல் இருக்கலாம். முப்பது வருடத்து நட்பைத் தூக்கிப்போட ஒரு ராத்திரி போதுமா என்று அது கேட்டது. மகளை மூன்று வருடம் இழந்தவளுக்குத் தோழியும் போய்விட்டால் மிச்சம் யார் என்றும் கேட்டது.

மறுநாள் ஷெரினே. வகுப்புத் தோழிகள் மாதம் ஒருத்தி வீட்டில் கூடிச் சாப்பிடுகிற நாள், இந்த முறை புரூல் வீட்டில். குல்பரா போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோட்டுப் பைக்குள் போன் முனகியது. எடுத்துப் பார்த்தாள். எண்கள். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.

"குல்பரா வந்தாச்சா? இங்க வாடி!" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. புரூல் மாவுக் கையோடு நின்றாள். நெற்றியில் வியர்வை, முகத்தில் சிரிப்பு. "ஒன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கா பாரேன்? மருமகளோட அந்தக் கணக்கு இருக்குல்ல, நேத்திலருந்து வெளிய தள்ளிருச்சு. அந்தக் காலத்துல ஒன் நம்பரக் குடுத்தோமே, ஞாபகம் இருக்கா? சும்மா துணி யாவாரந்தான், நேத்து வந்த ஆர்டரெல்லாம் அப்படியே கெடக்காம்."

குல்பராவுக்குள் வாதாடிக்கொண்டிருந்த வக்கீல் வாயை மூடிக்கொண்டான். முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அதே சமயம், அந்த மாவுக் கையைப் பிடித்து, ஏன்டி, நான் உனக்கு என்னடி பண்ணேன் என்று கேட்டு அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"இன்னும் வரல" என்றாள். "வந்ததும் சொல்றேன்."

"மறந்துராதடி."

"மறக்க மாட்டேன்."

விரிப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். குல்பராவை வாசலுக்கு எதிரே மரியாதை இடத்தில் உட்காரச் சொல்லி வற்புறுத்தியது புரூல்தான். பொர்சோக், ஆப்ரிகாட் பழம், வெண்ணெய், குதிரைக்கறி எல்லாம் இருந்தன. ஒவ்வொருத்தி முழங்காலுக்குப் பக்கத்திலும் ஒரு போன் மல்லாந்து கிடந்தது. யாரோ ஒருத்தி, "ரெண்டு நாளா 'நரின் பேசுது' பேசவே காணோமே, நாக்குல சுளுக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். புரூலும் சிரித்தபடி சமோவாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்ற ஆரம்பித்தாள். அவள் ஊற்றுவதே ஒரு அழகு. கிண்ணத்தில் கால்வாசிக்கு மேல் போகாது. குறைவாக ஊற்றினால் இன்னும் உட்கார் என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால் எழுந்து போ என்று. புரூல் கையால் நிறைந்த கிண்ணத்தை இதுவரை யாரும் வாங்கியதில்லை.

"புரூல்!" என்றாள் குல்பரா, எல்லோருக்கும் கேட்கும்படி. "நீ கேட்ட நம்பர் வந்திருச்சு. சொல்லட்டுமா?"

"ஆ, சொல்லு சொல்லு." கெண்டியை வலது கையில் வைத்துக்கொண்டே இடது கையால் மேலங்கிப் பையிலிருந்து போனை எடுத்தாள். குல்பரா ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். புரூல் கட்டைவிரலால் தட்டினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கணக்குப் போடுகிற மாதிரி. திரையின் வெளிச்சம் அவள் மோவாயில் விழுந்தது. குல்பரா தன் போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தாள். விரிப்பு, சமோவார், ஒரு கையில் கெண்டி, ஒரு கையில் போன், குனிந்த முகம். ராத்திரி முழுக்க உற்றுப் பார்த்த அந்தப் 'புதிதாக எழுது' பொத்தானைத் தொட்டாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதி வைக்கத் தெரிந்தவள் அவள் இல்லை.

இந்தப் படத்தைப் பார்க்க வேண்டியவள் ஒருத்திதான், அவள் மட்டும்தான் இதைப் பார்க்க மாட்டாள் என்று அந்தக் கணத்தில் நினைத்தாள். பிஷ்கெக்கில் எங்கோ ஒரு வீட்டில் வெள்ளைக் காலுறை மாட்டிய பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இந்தக் கதவை எப்போதோ சாத்தித் தாழிட்டுவிட்டவள்.

முழங்கால்களுக்குப் பக்கத்தில் போன்கள் ஒன்றன் பின் ஒன்றாக முனகின. 'நரின் பேசுது' மறுபடி பேசிவிட்டது. ஆசையாகக் கை நீட்டி எடுத்தார்கள். முதலில் ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள். பிறகு அவள் கண் படத்திலிருந்து விரிப்புக்கு வந்தது, விரிப்பிலிருந்து சமோவாருக்குப் போனது, அங்கிருந்து திரும்பி, படம் எடுக்கப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருந்த குல்பராவிடம் வந்து நின்றது. ஒவ்வொருத்தியும் அப்படித்தான் பார்த்தாள், ஒரு முறை அங்கே, ஒரு முறை இங்கே.

புரூல் கணக்குக்குள் போய்விட்டிருந்தாள். அவள் போனில் அவள் பக்கம் திறந்திருந்தது, அதன் உச்சியில் அவளே குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைத் தூக்கவில்லை. வலது கை மட்டும் தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. கிண்ணம் பாதியானது, முக்காலானது, விளிம்பைத் தொட்டது, பால் கலந்த டீ வழிந்து தட்டில் இறங்கி, விரிப்பில் ரொட்டித் துண்டுகளை நனைத்துக்கொண்டு பரவியது. போதும் என்று யாரும் சொல்லவில்லை.

குல்பரா முன்னே சாய்ந்து, இரண்டு கையாலும் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.